தனிச் சிவப்பு

எம்.எஸ்சி. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியவள் எங்கே வேலை பார்க்க வேண்டும்? மருந்துக் கம்பெனி, சாயப்பட்டறை ஆய்வகம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு ட்யூஷன் சென்டர். நான் புளியம்பதி எரிவாயு தகனமேடையில் வேலை பார்க்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "பொண்ணு எங்க வேல பாக்குது?" என்பார்கள். "கவர்மென்ட்டுங்க" என்பாள் அம்மா. "எந்த டிபார்ட்மென்ட்டுங்க?" என்று அடுத்த கேள்வி வரும். பதில் சொன்னதும் காபி பாதியிலேயே கீழே இறங்கிவிடும். அம்மாவுக்கு அதில் வருத்தம். எனக்குக் காபி வீணாகிறதே என்றுதான் வருத்தம்.

என் பதவிக்கு நிறப்பதிவாளர் என்று பெயர். உலைச் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருக்கிறது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கருவியை நாங்கள் 'கண்ணு' என்போம். உள்ளே எரியும் தீயின் வெளிச்சத்தை அது பிரித்து, கோடு கோடாகக் கூடத்துப் பெரிய பலகையில் காட்டும். எல்லார் தீயிலும் சோடியத்தின் மஞ்சள் வரும். பொட்டாசியத்தின் ஊதா மங்கலாகத் தெரியும். உப்பில்லாத உடம்பு ஏது? சிக்கல் எல்லாம் சிவப்பு வந்தால்தான்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. எங்கள் ஊர் மலையில் இளஞ்சிவப்பாக மினுங்கும் ஒரு கல் கிடைத்தது. அதை அரைத்து, பேட்டரிக்கு லித்தியம் எடுக்க ஓர் ஆலை வந்தது. ஆலையில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். எல்லாம் மாரடைப்பு என்றது நிர்வாகம். அப்போது யாரோ ஒரு புண்ணியவான் தகனமேடைத் தீயைக் கருவி வைத்துப் பார்த்தான். லித்தியத்தின் சிவப்பு இருந்தது. பக்கத்திலேயே சீசியத்தின் நீலமும் இருந்தது. அந்தக் கல்லில் இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். வேறு எதைத் தின்றாலும் குடித்தாலும் இரண்டும் சேர்ந்து உடம்புக்குள் போகாது. வழக்கு ஜெயித்தது, ஆலை மூடியது. பிறகு வேறு பெயரில், புது வடிகட்டிகளோடு திறந்தார்கள். ஆனால் இனி எல்லாத் தீயும் பதிவாக வேண்டும், காகிதத்தில் எழுதி மறைக்க முடியாதபடி கூடத்தில் எல்லார் கண் முன்னாலும் காட்ட வேண்டும் என்று ஊரே தெருவில் உட்கார்ந்து கேட்டு வாங்கியது. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் யோசிக்காதது ஒன்று. லித்தியம் மாத்திரையாகவும் இருக்கிறது. மனம் சில நாள் கொதித்தும் சில நாள் அவிந்தும் போகிறவர்களுக்கு, அதைச் சமன் செய்ய மருத்துவர்கள் கொடுப்பது. மாத்திரை சாப்பிட்டவரின் தீயில் நீலம் வராது. சிவப்பு மட்டும் தனியாக வரும். ஊருக்கு இது தெரிய ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தனிச் சிவப்பு வந்த வீட்டுக்கு 'செவப்பு ஊடு' என்று பெயர் விழுந்தது. அந்த வீட்டில் யாரும் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதும் இல்லை. தீயில் தெரிந்துவிடும் என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களில் சிலர் சீக்கிரமே எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். பலகையில் சுத்தமான மஞ்சளோடு.

மேகலா வந்தது ஒரு புதன்கிழமை காலை. அவளுடைய அப்பா, கண்டக்டர் பரமசிவம், விடியற்காலையில் இறந்திருந்தார். பாடையே இன்னும் கட்டியிருக்க மாட்டார்கள், அதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. அழுது முடித்த முகம்.

"எங்கப்பா பஸ்ல வேல பாத்தவருங்க. ஆலைப் பக்கமே போனதில்ல" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. உட்காரச் சொன்னேன்.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். மாப்ள ஊட்டுக்காரங்க எல்லாரும் வர்றாங்க. அவங்கம்மா நல்லம்மா அத்த வாறதே அந்தப் பலகையப் பாக்கத்தான். எரிஞ்சு போனா எல்லாம் சாம்பல்தானுங்களே, அப்புறம் அந்தக் கலரு மட்டும் எங்கிருந்துங்க வருது?"

"எரிஞ்சாலும் அணு அழியாதுங்க. லித்தியம், சோடியம், பொட்டாசியம், சீசியம் எல்லாம் ஒரே குடும்பம். உள்ள எலக்ட்ரான் எல்லாம் அடுக்கடுக்கா நெறஞ்சு உக்காந்திருக்கும். கடைசி அடுக்குல மட்டும் ஒண்ணே ஒண்ணு, தனியா. அதுக்குப் பிடிமானம் கம்மி. கொஞ்சம் சூடு பட்டாப் போதும், இருக்கற எடத்த உட்டு மேல தாவிரும். ஆனா அங்கயே இருக்க முடியாது, திரும்பி வந்து விழுகும். விழுகறப்பதான் வெளிச்சம். எவ்வளவு ஒசரத்துல இருந்து விழுகுதோ அதுக்குத் தக்கன கலரு. லித்தியம்னா செவப்புத்தான். அது பொய் சொல்லாது."

மேகலா ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"எங்கப்பாவும் அப்புடித்தாங்க" என்றாள். "சூடு ஏறுச்சுன்னா ஊட்ட உட்டுக் கெளம்பீருவாரு. ஒருக்கா டிக்கெட்டுக் காச எல்லாத்தயும் பஸ்ல வந்தவங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டாரு. இன்னொருக்கா செருப்பில்லாமப் பழனிக்கு நடந்தே போயிட்டாரு. எப்புடியோ திரும்பி வந்துருவாரு. வந்தா ஒரு மாசம் பாய உட்டு எந்திரிக்க மாட்டாரு. அந்த மாத்திர வந்தப்புறந்தான் மனுசன் ஊட்ல தங்குனாரு. எனக்குச் சட வேற பின்னி உடுவாரு, கோணக்கோணயா. அந்த மாத்திரதானுங்க எனக்கு அப்பாவக் குடுத்துச்சு. அதயே மறைக்கோணும்னு இன்னிக்கு வந்து நிக்கறேன் பாருங்க."

ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். பலகையை நான் நிறுத்தினால், நாளை ஆலைக்காரன் ஒருவனுக்காக இன்னொருத்தி நிறுத்துவாள்.

அப்போது உலை ஓட்டும் சடையப்பண்ணன் உப்பு டப்பாவோடு உள்ளே வந்தார். தினமும் காலையில் முதல் வேலை அது. வெறும் தீயில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். பலகையில் மஞ்சள் கோடு சரியான இடத்தில் விழுந்தால் கண்ணு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். போட்டார், விழுந்தது.

"சரியா விழுந்துருச்சா அம்மிணி? அன்னிக்கு மாதிரி ஆயிரப் போகுது" என்று சிரித்தார்.

"என்னாச்சுங்க அன்னிக்கு?" என்றாள் மேகலா.

"கை தவறி டப்பாவே உள்ள கவுந்துருச்சு. மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரிப் பலக பூரா மஞ்சளு. இந்தக் கருவிக்கு வெளிச்சம் ஜாஸ்தியானாக் கண்ணு கூசிப் போகுமாம். பக்கத்துல செவப்பு வந்தாலும் தெரியாது, நீலம் வந்தாலும் தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் மேகலாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

மதியம் உடலை இறக்கினார்கள். வாய்க்கரிசி போட்டு முடித்ததும் மேகலா ஒரு பை கல்லுப்பை எடுத்து அப்பாவின் நெஞ்சில் வைத்துத் துண்டால் மூடினாள். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக, சுத்தமாக இருந்த மேசையை அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இதென்ன புது வழக்கமா இருக்குது?" என்றது ஒரு குரல். கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த அந்த அம்மாள்தான் நல்லம்மாள்.

"புதுசில்லீங்க ஆத்தா" என்றார் சடையப்பண்ணன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "மேக்கத்திப் பக்கம் காலங்காலமா இருக்கறது. ஆயுசு பூரா தின்ன உப்ப பூமிக்குத் திருப்பிக் குடுக்கறதுங்க."

நல்லம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்கு எதிரே நின்றாள். மஞ்சள் வந்தது. பலகை முழுக்க மஞ்சள். கடைசி வரை வேறொன்றும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேகலாவின் தோளில் கை வைத்தாள். காரியமெல்லாம் முடித்து, அடுத்த மாதம் குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நான் எங்கே வேலை என்று கேட்டார். கவர்மென்ட் என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னேன்.

நம் ஊரில் ஒரு சடங்கு பழைமையாவதற்கு ஒரு மழைக்காலம் போதும். பார்த்தவர்கள் பார்த்தவர்களிடம் சொன்னார்கள். ஈமச் சாமான் கடையில் உப்புப் பொட்டலம் மஞ்சள் நூல் கட்டி விற்பனைக்கு வந்தது. உப்பு கிருமியைக் கொல்லும், நம் முன்னோர் மடையர்கள் இல்லை என்று டிவியில் ஒருவர் விளக்கம் கொடுத்தார். உப்பு உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்தவர்கள் சடையப்பண்ணன், மேகலா, நான் மூன்று பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு அது வெறும் சடங்கு. சடங்குப் பொருள் எதையும் ஊழியர் தொடக் கூடாது என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. ஊரில் சிவப்பே இல்லாமல் போனது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பொய்யில் இவ்வளவு நிம்மதியா என்று எப்போதாவது நினைப்பு வரும். காபி போட எழுந்து போய்விடுவேன்.

பிறகு குப்புராசு இறந்தார். நாற்பது வயது, ஆலையில் அரவைப் பிரிவு. உடல் வருவதற்கு முன்பே ஆலையின் கார் வந்து நின்றது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஓர் அதிகாரி இறங்கினார். டிரைவர் டிக்கியிலிருந்து ஒரு மலர்வளையத்தை எடுத்தார். அடுத்து ஒரு மூட்டையை இறக்கினார்.

"என்னங்க அது?" என்றேன்.

"உப்புங்க. எங்க தொழிலாளி யாரு தவறுனாலும் கம்பெனி சார்பா நாங்களே குடுத்தர்றது. வர்றவங்க எல்லாரும் ஆளுக்கொரு கையள்ளிப் போடட்டும்" என்றார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வேதியியல் படித்தவர் இன்னொரு வேதியியல் படித்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

மழைக்காலத்துக்குப் பிறகு ஆலையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று யோசித்தேன். எல்லாரும் மஞ்சளாக எரிந்தவர்கள். எல்லாருக்கும் மாரடைப்பு. வடிகட்டிகள் எந்த லட்சணத்தில் வேலை செய்கின்றன என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. உள்ளே இன்னும் சில நூறு பேர் கல் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சடையப்பண்ணன் உலை வாசலில் வந்து நின்றார். "சொல்லிப்போடலாமா அம்மிணி?"

சொல்லலாம். உப்பை நான் தொட முடியாது, ஆனால் குப்புராசுவின் மனைவி வேண்டாம் என்றால் யாரும் போட முடியாது. அவளிடம் உப்பு என்ன செய்கிறது என்று சொன்னால் போதும். சொன்ன அடுத்த நிமிஷம், இதுவரை மஞ்சளாக எரிந்த எல்லாரையும் ஊர் திரும்பிப் பார்க்கும். இதை முதலில் ஆரம்பித்தது யார் என்று யாரும் மறக்கவில்லை. 'கண்டக்டர் பொண்ணு கொண்டாந்த வழக்கம்' என்றே சொல்லுவார்கள். குப்புராசு வீடு நல்லம்மாள் தெருவில்தான் இருக்கிறது. நல்லம்மாளும் இந்தக் கூட்டத்தோடு வருவாள்.

மேகலாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். "நான் சொன்னா உங்க பேரு வந்துரும்" என்றேன்.

மெஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"நீங்க சொல்லாதீங்க" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. புது வாழ்க்கை, யாருக்குத்தான் ஆசை இருக்காது?

"நானே வந்து சொல்றேன். கொஞ்சம் தாமதப்படுத்துங்க" என்று வைத்துவிட்டாள்.

எரிவாயு அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று சடையப்பண்ணன் எதையெதையோ திருகிக்கொண்டிருந்தார். நடிப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குப்புராசுவின் மனைவி தெய்வானை இரண்டு கையிலும் உப்பை ஏந்தியபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆலைத் தொழிலாளிகள், தெருக்காரர்கள். கடைசியில், சுவரோரம் நல்லம்மாள்.

மேகலா வேகமாக உள்ளே வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை அப்படியே தொங்கியது. மாமியாரைப் பார்த்தாள். ஒரு கணம் கால் நின்றது. பிறகு நேராகத் தெய்வானையிடம் போனாள்.

"அக்கா, இந்த உப்ப மொதல்ல போட்டது நானு" என்றாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "இது சடங்கெல்லாம் இல்லீங்க. உப்ப அள்ளிப் போட்டா இந்தக் கருவிக்குக் கண்ணு தெரியாது. எங்கப்பா மனசு சரியில்லாம மாத்திர சாப்புட்டவரு. செவப்பு வந்துரும்னு நான் வெக்கத்துல போட்டேன். உங்களுக்கு என்னக்கா வெக்கம்? குப்புராசண்ணன் வேலைக்குப் போனவருதான? வெக்கப்பட வேண்டியவங்க மூட்டயில கொண்டாந்து குடுக்கறாங்க."

"அம்மா, துக்க வீட்ல வந்து இதெல்லாம்..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

தெய்வானை அவரைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த உப்பைக் கீழே கொட்டிவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாம். இப்புடியே உள்ள தள்ளுங்க" என்றாள்.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். முதலில் எப்போதும் வருகிற மஞ்சள், மெல்லியதாக ஒரே கோடு. ஊதா. கொஞ்சம் பொறுத்துச் சிவப்பு எழுந்தது. அதற்கப்புறம் இன்னொரு ஓரத்தில், இந்த ஊர் மறந்தே போயிருந்த நீலம்.

தெய்வானை அழ ஆரம்பித்தாள். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் நல்லம்மாள் இல்லை.

மறுநாளே அரசு அதிகாரிகள் வந்தார்கள், ஆலைக் கதவில் சீல் விழுந்தது, உள்ளே இருந்த அத்தனை பேரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. பாதி மேகலாவைத் தூக்கி வைத்தது, பாதி 'அட, செவப்பு ஊட்டுப் பொண்ணா அது' என்றது. குப்புராசு எரிந்த அன்று சாயங்காலம் அவள் புகுந்த வீட்டுக்குப் போகவில்லை, அம்மா வீட்டுக்குத்தான் போனாள். மாப்பிள்ளை சிவபாலன் தினமும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறானாம். ஆனால் மாமியார் கூப்பிடாமல் போக மாட்டேன் என்று மேகலா சொல்லிவிட்டாள். நல்லம்மாள் கூப்பிடவில்லை. ஊருக்கு நல்லது நடந்துவிட்டது, அவளுக்கு நடந்தது என்ன என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை நான் வந்தபோது தகனமேடைக் கூடத்தில் நல்லம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக எதிரே நின்றேன்.

"யாரு ஊட்லயாவது காரியமுங்களா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உக்காரு அம்மிணி." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "எம்பட சின்னவன் இருக்கறானே, சிவபாலன் தம்பி. ரெண்டு வருசமா இப்புடித்தான். பத்து நாளு தூங்காமக் கொள்ளாம ஊர் சுத்துவான். அப்புறம் கதவச் சாத்திக்கிட்டு மாசக்கணக்குல வெளியவே வர மாட்டான். சோத்துத் தட்டக் கதவுக்கு வெளிய வெச்சுட்டு நிப்பேன்."

"டாக்டர்கிட்ட காட்டலீங்களா?"

"காட்டுனா மாத்திர குடுப்பாங்கல்ல? குடுத்தா இங்க தெரிஞ்சிருமில்ல?" பலகையைக் கையால் காட்டினாள். "எம்பட பையன நானே கதவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, ஊரான் ஊட்டுத் தீயில செவப்பு வருதான்னு கண்ணாடி போட்டுப் பாத்துட்டு இருந்திருக்கறேன். அந்தக் கண்டக்டர் கடைசி வரைக்கும் நல்லாத்தான இருந்தாரு? டிக்கெட்டுக் கிழிச்சுக் குடுக்கறப்பச் சிரிச்சுட்டே குடுப்பாரே. அவருக்கு வைத்தியம் பாத்த டாக்டர் பேரு உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங்க. உங்க மருமகளுக்குத்தான் தெரியும்."

"அவகிட்டக் கேக்க எனக்கு வாய் வரல."

உள்ளே சடையப்பண்ணன் உலையைப் பற்றவைத்தார். ஆலைக்காரர்கள் விட்டுப்போன மூட்டை அவர் காலடியில்தான் கிடக்கிறது. காலைச் சோதனைக்கு இப்போது அதிலிருந்துதான் எடுக்கிறார். நாங்கள் ரிட்டையர் ஆகும்வரை போதும் என்பார். ஒரு சிட்டிகை போட்டார். பலகையில் மஞ்சள் கோடு அதன் இடத்தில் வந்து விழுந்தது.

நல்லம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "அது யாருதும்மா?"

"யாரோடதும் இல்லீங்க. வெறும் உப்பு."

நல்லம்மாள் பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு மடியிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகத் தேடி அழுத்தினாள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"கண்ணு," என்றாள். "சாப்புட்டியா? ஊட்டுக்கு வா. உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்."